யோகர் சுவாமிகளும் தியான நெறியும்

ஈழத்துச் சித்தர் பரம்பரையைப் பற்றிப் பேசப் புகுவோர் கடையிற் சுவாமியையும் செல்லப்பா சுவாமியையும் நல்லூர்த் தேரடியையும் கொழும்புத்துறையையும் சொல்லி நிறுத்திவிடுவதே வழக்கம். வன்னியைச் சொல்வார் மிகச் சிலரே. யோகர் சுவாமிகள் தியானத்தில் ஊன்றத் தொடங்கிய இடம் கிளிநொச்சி என்பதை எமது சங்கத்து இளைஞர் பலர் அறியார். நாமும் அண்மைக்காலம் வரை அறிந்திருக்கவில்லை. தியானத்தைப் புதிதாகத் தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, தியான வகைகளை வெறுமனே அடுக்கிக் காட்டுவதிலும் பார்க்க, அவை ஒருவரது வாழ்வில் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்வது பயன்தரும் என எண்ணினோம்.

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே அம்பலவாணருக்கும் சின்னாச்சியாருக்கும் மகனாகப் பிறந்தார். சிறு பிராயத்திலேயே தாயை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தார். கத்தோலிக்க சமயத்தைத் தழுவியிருந்த உறவினர் ஒருவரின் விருப்பப்படி யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிற் சேர்க்கப்பட்டு, அங்கே யோன் என்ற பெயருடன் கல்வி பயின்றார். மிசன் பாடசாலையிற் படித்த பிள்ளைகளுக்குச் சைவம் எங்கே தெரியப்போகிறது என்று எம்மை வினவும் பெரியோர் சிலர் உளர். அவர்களுக்கு இச்செய்தியைப் பணிவோடு சமர்ப்பிக்கின்றோம். உண்மையைச் சொன்னால், காலைப் பிரார்த்தனைக்கு முன் சில நிமிட நேரம் வாய்திறவாது நிற்கும் பழக்கத்தை எமக்குத் தந்ததும் அப்பாடசாலைதான்.

படிப்பு முடிந்தபின் வாலிபர் யோகநாதன் கிளிநொச்சிக்கு வந்தார். நீர்ப்பாசன வேலைத் தலத்திலே ஸ்ரோர் கீப்பர், அதாவது களஞ்சியப் பொறுப்பாளர் உத்தியோகம். அக்காலக் கிளிநொச்சியை இன்றைய கண்டி வீதிக் கடைத்தெருவை மனத்திற் கொண்டு எண்ணிப் பார்த்தல் கூடாது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலையே 1902ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. சுற்றிலும் காடு, காய்ச்சல், யானைப் பயம். உத்தியோகம் பார்க்க வந்தவர் பலர் எப்போது இடமாற்றம் கிடைக்கும் என்று நாளெண்ணியிருப்பர். இவரோ அத்தனிமையையே பயன்படுத்திக்கொண்டார். பகலில் கணக்குப் பிசகாமல் வேலை பார்த்த அவர் இராக்காலங்களில் விழித்திருந்து தியானம் செய்தார் என்று அவரது வரலாறு கூறுகின்றது.

இங்கே நாம் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். களஞ்சியக்காரனின் தொழில் எத்தகையது? எந்தப் பொருள் வந்தது, எது போனது, யார் கையிற் போனது என்று ஓயாது கவனித்தல். கவனம் தப்பினால் கணக்குத் தப்பும். யோக நூலார் தியானத்துக்கு முற்படியாகத் தாரணையை வைத்தனர். மனத்தை ஒரு பொருளிலே கட்டி நிறுத்துதல் என்பது அதன் கருத்து. அக்கட்டு அறாமல் எண்ணெய் ஒழுக்குப் போல நீளுமாயின் அது தியானம். பகல் முழுவதும் கவனம் சிதற விட்டவனுக்கு இரவிலே கண்ணை மூடியவுடன் ஒருமைப்பாடு கிட்டாது. சுவாமிகளின் பகல் வேலையும் இராத் தவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே எமது எண்ணம்.

1897ஆம் ஆண்டு தை மாதத்தில் விவேகானந்த சுவாமிகள் யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியிற் சொற்பொழிவாற்றினார். அதைக் கேட்டவருள் இவரும் ஒருவர். பின்னர், 1905ஆம் ஆண்டளவில் நல்லூர்த் தேரடியிற் செல்லப்பா சுவாமியைக் கண்டார். உலகத்தார் அவரைப் பைத்தியக்காரர் என்றனர். இவர் அவரைக் குருவென்று கண்டுகொண்டார். சிலகாலத்துள் உத்தியோகத்தையும் துறந்தார். குருநாதரின் பயிற்சி இலேசானதன்று. ஒருமுறை இவரையும் இன்னொரு சீடரையும் ஊணின்றி நாற்பது நாள் தியானத்தில் இருத்தினார் என்றும், விரதம் முடியும் நாளில் சமைத்த பானைகளையே உடைத்து இருவரையும் போகவிட்டார் என்றும் சொல்வர். இதைப் படித்துவிட்டு எம் இளைஞர் எவரும் நாற்பது நாள் பட்டினி கிடக்க முற்பட வேண்டாம். அது அந்தக் குருவுக்கும் அந்தச் சீடருக்கும் இடையில் நடந்த காரியம்.

அதன் பின் கொழும்புத்துறை வீதியோரத்து இலுப்பை மரத்தடியே சில காலம் அவருக்கு வீடாயிற்று. வெயிலும் மழையும் அங்கேதான். பிறகு அடியார்கள் வேண்டிக்கொள்ள ஒரு சிறு குடிலில் அமர்ந்தார். அக்குடிலுக்கு வந்தோர் தொகை சொல்லி முடியாது. கந்தோர் உத்தியோகத்தர், கமக்காரர், ஆசிரியர், அப்புக்காத்துமார், தாய்மார் எல்லாரும் வந்தனர். மகாதேசாதிபதியாய் இருந்த சோல்பரிப் பிரபுவின் மகனும் வந்து, சந்தசுவாமி என்ற பெயருடன் அடியாரானார். வந்த எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் வைத்தியராகச் சுவாமிகள் இருக்கவில்லை. தியான வகைகள் பலவாயிருப்பதன் காரணமும் இதுவே.

அவரது நற்சிந்தனைப் பாடல்களைப் படிப்போர் இவ்வகைகள் யாவற்றையும் அங்கே காணலாம். ஐந்தெழுத்தை வாயாலும், பின் மனத்தாலும் ஓதிவருதல் ஒன்று, இது செபம். புதியவருக்கு இதுவே மிக இலகு, ஏனெனில் அலையும் மனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பு கிடைக்கின்றது. முருகனது திருவுருவத்தையோ குருவின் திருவடியையோ நெஞ்சில் இருத்துதல் இன்னொன்று. உட்செல்லும் மூச்சையும் வெளிவரும் மூச்சையும் மாற்றாமல், அடக்காமல் கவனித்திருத்தல் மற்றொன்று. பௌத்த விகாரைகளிலும் இதைப் போதிக்கின்றனர். மூச்சை அடக்கும் பிராணாயாமம் வேறு. அதை ஆசானின்றிச் செய்தல் தகாது. எண்ணுகின்ற நான் யார் என்று உள்ளே திரும்பித் தேடுவது விசாரம். இவ்வழிக்குப் பேர்பெற்றவர் திருவண்ணாமலை இரமண மகரிஷி. சுவாமிகள் 1940இல் இந்திய யாத்திரை சென்றபோது அவரையும் கண்டார். இருவரும் ஒரு வார்த்தையும் பேசாது இருந்தனர் என்பர். இவையெல்லாம் கடந்து சும்மா இருத்தல் என்று ஒன்றுண்டு. சொல்ல எளிது, நாம் இரண்டு நிமிடம்கூட இருந்ததில்லை.

சுவாமிகள் வேலையை விட்டவர் அன்றோ, நாமும் விடத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். தம்மிடம் வந்த இல்லறத்தாரை அவர் வேலையை விடச் சொல்லவில்லை. தத்தம் கடமையைச் சிவத்தொண்டாகச் செய்யும்படியே திருப்பி அனுப்பினார். 1935இல் தொடங்கிய பத்திரிகைக்குச் சிவதொண்டன் என்றே பெயர். 1953இல் யாழ்ப்பாணத்தில் சிவதொண்டன் நிலையம் அமைந்தபோது அங்கே தியான மண்டபம் ஒன்றும் இடம்பெற்றது.

எமது அனுபவத்தையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு விடுமுறையில் நண்பர் சிலர் இரணைமடுக் குளக்கட்டில் அதிகாலையில் அமர்ந்தோம். முதுகு நிமிர்த்தி, கையை மடிமேல் வைத்து, பத்து நிமிடம் மாத்திரம் இருப்பதென்று தீர்மானம். முதல் நாளே ஒருவருக்குச் சோதனைப் பெறுபேறும், இன்னொருவருக்குச் சைக்கிள் டயரும் நினைவுக்கு வந்தன. மனம் ஓடுவது தோல்வியன்று. ஓடியதை அறிந்த கணமே திருப்பி ஐந்தெழுத்தில் வைக்க வேண்டும். நூறுமுறை ஓடினால் நூறுமுறை திருப்புவதே அப்பியாசம்.

மூன்றாம் நாள் ஒரு நண்பர் எழுந்து அப்பாற் போய்விட்டார். கண்ணை மூடினால் அவருக்குள் 2009ஆம் ஆண்டு திரும்பி வருகின்றது. அப்போது அவருக்கு ஆறு வயது. எமது வீடுகளில் இத்தகையோர் குறைவில்லை. மூத்தவர்களிடையே இன்னும் அதிகம். தியானம் எல்லாருக்கும் எப்போதும் அமைதி தரும் என்று மேடையிற் பேசுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் அவர் கண்ணைத் திறந்தபடி தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கட்டின்மேல் மெல்ல நடந்தார்; ஒவ்வோர் அடிக்கும் ஓர் எழுத்து. அதுவும் செபமே. துயரம் மிகுந்தால் உளநல வைத்தியரிடம் செல்வது பக்திக்குக் குறைவாகாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறோம். அவர் இப்பொழுது இரண்டையும் செய்கின்றார்.

1961ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுவாமிகளின் இடுப்பெலும்பு முறிந்தது. மாதக்கணக்காக வைத்தியசாலையிற் கிடந்தார். கதிர்காமம் வரை கால்நடையாகப் போய்வந்த அவர் அதன்பின் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அடியார்களைக் கண்டார். அமர முடியாதபோது படுத்திருந்தும், நடக்க முடியாதபோது இருந்தும் அவரது நெறி நடந்தது. 1964ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், தொண்ணூற்றோராம் வயதில், கொழும்புத்துறையிலே சமாதியடைந்தார்.

வரும் ஞாயிறு முதல் கனகாம்பிகை அம்மன் கோயிற் பக்கமாகக் குளக்கட்டில் மீண்டும் அமர இருக்கின்றோம். காலை ஐந்தரை மணி. கண்ணை மூடியும் இருக்கலாம், திறந்தும் இருக்கலாம், நடந்தும் வரலாம்.