பனிக்கட்டி வணிகரின் கடன் கணக்கு

கோடை தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் பிற்பகல் தேநீருக்காக அடுப்பு மூட்டப்படுவதில்லை. ஒரு லிட்டர் குடிநீரில் நான்கு தேக்கரண்டி இலைத் தேயிலையை இட்டு, மூடி, இரவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். எட்டு மணி நேரத்தில் சாறு நிதானமாக இறங்கிவிடுகிறது. கொதிநீர் இழுத்துவரும் துவர்ப்பில் பெரும்பகுதியைக் குளிர்நீர் இலையிலேயே விட்டுவிடுவதால் சர்க்கரையும் அதிகம் வேண்டியிருப்பதில்லை. (தூள் தேயிலை இதற்கு உதவாது; கலங்கிவிடும்.) காலையில் வடிகட்டி வைத்து, பிற்பகலில் இரண்டு பனிக்கட்டிகளைப் போட்டுப் பருகும்போது நான் நினைத்துக்கொள்பவர், தேயிலையோடு எத்தொடர்பும் இல்லாத ஓர் அமெரிக்கர்: பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர்.

வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் அவர் கதையைச் சொல்லியிருக்கிறேன். இல்லாத தேவையை ஒரு வணிகர் எவ்வாறு உருவாக்குகிறார் என்பதற்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1783-இல் வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவர் டியூடர். சகோதரர்கள் ஹார்வர்டுக்குச் சென்றனர். இவர் மட்டும் செல்லவில்லை. 1801-இல் நோயுற்றிருந்த அண்ணன் ஜான் ஹென்றியை அழைத்துக்கொண்டு கியூபாவின் ஹவானாவுக்குச் சென்றார். அங்கிருந்த வெப்பம் நோயாளியை மேலும் வாட்டியது. நாடு திரும்பியும் அண்ணன் பிழைக்கவில்லை. மாசசூசெட்ஸின் ஏரிகளில் குளிர்காலம் தோறும் எவரும் விலை கேட்காமல் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியை வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது அதன் பின்னர்தான்.

1806 பிப்ரவரியில் சுமார் 130 டன் பனிக்கட்டியுடன் அவரது முதல் கப்பல் கரீபியன் தீவான மார்ட்டினிக்குக்குப் புறப்பட்டது. உருகும் சரக்கை ஏற்ற எந்தக் கப்பல் முதலாளியும் இசையாததால், கப்பலையே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. ஊரார் நகைத்தனர். பனிக்கட்டி பெருமளவு உருகாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால், வாங்கியவர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. வைத்துக்கொள்ள இடமும் இல்லை. அங்கிருந்த ஓர் உணவக உரிமையாளருக்கு ஐஸ்கிரீம் செய்யக் கற்றுத்தந்தும் சில ஆயிரம் டாலர்கள் நட்டம். அடுத்த ஆண்டு ஜெபர்சன் அரசு கொண்டுவந்த தடைச் சட்டம் அமெரிக்கக் கப்பல்களைத் துறைமுகங்களிலேயே கட்டிப்போட்டது. தந்தையின் செல்வமோ நில வணிகத்தில் கரைந்துபோயிருந்தது. கடனைத் திருப்பித் தர இயலாமல் 1812-இலும் 1813-இலும் டியூடர் சிறைக்குச் சென்றார்.

இவற்றையெல்லாம் நான் வகுப்பில் இரண்டு வாக்கியங்களில் கடந்துவிடுவேன். என் ஆர்வம் அதற்குப் பின் நிகழ்ந்தவற்றில்தான் இருந்தது. மதுக்கடைக்காரர்களுக்கு அவர் முதலில் இலவசமாகப் பனிக்கட்டி தந்தார். குளிர்ந்த பானத்தையும் சாதாரண பானத்தையும் ஒரே விலைக்கு விற்கச் செய்தார். ஒருமுறை குளிர்ச்சியைச் சுவைத்தவர் பழைய பானத்துக்குத் திரும்பமாட்டார் என்பது அவருடைய கணிப்பு, அது பொய்க்கவில்லை. மர ஆலைகள் கழிவாகக் கொட்டிய மரத்தூளைப் பனிக்கட்டிகளுக்கு இடையே நிரப்பி உருகுவதைக் குறைத்தார். 1825-இல் நத்தானியேல் வையத் என்பவர் வடிவமைத்த, குதிரை இழுக்கும் வெட்டுக் கருவி, ஏரிப் பனியைச் சீரான கட்டிகளாக்கி உற்பத்திச் செலவை வெகுவாகக் குறைத்தது.

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். செப்டம்பரில் ஹூக்ளி நதிக்குள் நுழைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. இதன் பொருளாதாரம் எளிமையானது. அமெரிக்கக் கப்பல்கள் இந்தியாவிலிருந்து சரக்கு ஏற்றிச் செல்ல வந்தனவே தவிர, இங்கு கொண்டுவந்து விற்க அவற்றிடம் அதிகம் இல்லை. வெற்றுக் கப்பல் தள்ளாடாமலிருக்கக் கல்லை நிரப்புவார்கள். அந்தக் கல்லின் இடத்தில் டியூடர் பனிக்கட்டியை ஏற்றினார். வங்கத்தில் அதுவரை பனிக்கட்டியே இல்லை என்பதன்று. ஹூக்ளிப் பகுதியில் குளிர்கால இரவுகளில் வைக்கோல் மீது ஆழமற்ற மண் சட்டிகளில் நீர் ஊற்றி உறைய வைப்பார்கள். ஆனால், அது சிறிது, அழுக்கானது, விலை கூடியது. ஏரிப் பனியின் தெளிவைக் கண்டு கல்கத்தாவின் வெள்ளையர் சமூகம் வியந்தது. அரசு சுங்கவரியை நீக்கியது. பனிக்கட்டிக் கிடங்கு கட்ட நகரத்தார் பணம் திரட்டினர்.

என் பாடம் வெற்றியோடு அங்கேயே முடிந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். சிறுதொழில் ஒன்று தொடங்கி, நட்டம் வந்த பின்னும் கைவிடாமல் மேலும் மேலும் கடன் வாங்கி, குடியிருந்த வீட்டையும் விற்றுவிட்டிருந்தார். குறை சொல்லும் தொனி சிறிதும் இன்றி, தளரும்போதெல்லாம் என் டியூடர் கதையைத்தான் நினைத்துக்கொண்டதாகச் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் விட்டுவிட்ட பக்கங்கள் எவை என்று எண்ணிப் பார்த்தேன்.

அந்தப் பக்கங்களில் இருப்பவை இவை. கல்கத்தா வெற்றிக்கு அடுத்த ஆண்டிலேயே டியூடர் காப்பி ஊக வணிகத்தில் இரண்டு லட்சம் டாலருக்கு மேல் இழந்தார். அந்தக் கடன் தீர ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. கடன் கொடுத்தவர்கள் அவரைத் தொடர்ந்து இயங்க விட்டதற்குக் காரணம், பனிக்கட்டி வணிகம் நடந்தால்தான் தங்கள் பணம் திரும்பும் என்பதே. அந்தப் பொறுமை எல்லாக் கடனாளிகளுக்கும் கிடைப்பதில்லை. என் மாணவருக்குக் கிடைக்கவில்லை. போட்டியாளர் முளைக்கும் ஊர்களில் டியூடர் விலையை அடிமட்டத்துக்கு இறக்கி அவர்களை விரட்டுவார். ஹவானா, சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் ஆகிய அவரது நல்ல சந்தைகளில் பணம் புழங்கியது அடிமைகளின் உழைப்பால் என்பதையும் நான் ஒருபோதும் குறிப்பிட்டதில்லை.

ஐம்பதாவது வயதில் மணம் புரிந்து, ஆறு குழந்தைகளுக்குத் தந்தையாகி, கடன்களைத் தீர்த்து, 1864-இல் பெரும் செல்வராக மறைந்தார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் குளிர்ந்த தேநீர் வேரூன்றியதில் அவர் தொடங்கிவைத்த வணிகத்துக்குப் பெரும் பங்குண்டு. 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் கண்காட்சியில், இந்தியத் தேயிலையை விளம்பரப்படுத்த வந்த ரிச்சர்ட் பிளெச்சிண்டன் அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அது சரியன்று, 1879-இல் வெளிவந்த வர்ஜீனியா சமையல் நூலிலேயே அதன் செய்முறை உண்டு.

சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த டியூடரின் கிடங்கு, செயற்கைப் பனிக்கட்டி வந்த பின் பயனற்றுப் போயிற்று. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கிக் குடியிருப்பாக மாற்றினார். 1897-இல் விவேகானந்தர் அங்கு ஒன்பது நாள்கள் தங்கினார். பின்னர், சகோதரி சுப்புலட்சுமி இளம் விதவையருக்காக நடத்திய இல்லம் அங்கே இயங்கியது. 1963 முதல் அது விவேகானந்தர் இல்லம். திருவல்லிக்கேணிவாசிகளுக்கு மட்டும் அந்த வட்டாரம் இன்றும் ஐஸ் ஹவுஸ்தான். காவல் நிலையத்தின் பெயரும் அதுவே. அந்தப் பெயருக்குக் காரணமானவர் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை.