புஸ்தகத்தை ஜனங்களிடம் சேர்த்தவர்

சர்க்கரை ஆலையினால் நெடுங்காலமாகப் பெயர் பெற்று விளங்குவது நெல்லிக்குப்பம். அவ்வூரில் வீடு வைத்திருக்கும் ஒருவர் நகராட்சிக்குச் சொத்து வரி செலுத்தும்பொழுது, அதனுடன் நூலக வரி என ஒரு சிறு தொகையும் சேர்த்துச் செலுத்துகிறார். வரி என்றாலே முகம் சுளிப்பது உலக வழக்கம். ஆயினும் இந்தச் சிறு வரிக்கு ஒரு விசேஷம் உண்டு. பொது நூலகம் தனவந்தர் எவரும் மனமிரங்கி அளித்த தருமமன்று, தாமே பொருள் கொடுத்து நடத்தும் சொத்து என்று தலை நிமிர்ந்து சொல்லும் உரிமையை அது குடிமகனுக்கு அளிக்கிறது. இவ்வுரிமைக்காக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓயாது பாடுபட்டவர் ஸ்ரீ எஸ். ஆர். ரங்கநாதன். அவருடைய சரித்திரம் தமிழ் மக்கள் யாவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். சொந்த ஊரில் பள்ளிப் படிப்பை முடித்தபின், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணித சாஸ்திரம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பிறகு சென்னை இராஜதானிக் கல்லூரியிலும் கணித ஆசிரியராக விளங்கினார். இளமையில் திக்கிப் பேசும் குறை அவருக்கு இருந்தது. அது அவர் ஆசிரியத் தொழிலில் புகழ் பெறுவதைத் தடுக்கவில்லை.

1924-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராக அவர் நியமிக்கப்பெற்றார். மாணாக்கர் புடைசூழ இருந்து பழகியவருக்கு அந்தத் தனிமை சிறைவாசம் போலத் தோன்றிற்று. சில நாட்களுக்குள்ளேயே பழைய கல்லூரித் தலைவரிடம் சென்று, தம்மை மீண்டும் ஆசிரியராக்குமாறு மன்றாடினார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகக் கலையைக் கற்று வரும்படியும், அதன் பிறகும் மனம் மாறாவிடில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் அவரைத் தேற்றி அனுப்பினர்.

அப்பிரயாணமே அவருடைய வாழ்வைத் திருப்பியது. லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் பயின்றதுடன், நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களையும் நேரில் சென்று கண்டார். அங்கே தொழிலாளரும், பெண்மணிகளும், சிறு பிள்ளைகளும் தங்கள் வீட்டுக்குள் நுழைவது போல் நூலகத்தில் நுழைந்து, வேண்டிய நூலை எடுத்துச் சென்றனர். நம் நாட்டிலோ புஸ்தகங்கள் அலமாரியில் பூட்டப்பட்டு, கரையானுக்கு இரையாகிக்கொண்டிருந்தன. அன்னியர் ஆட்சியில் அடைந்த இழிவுகளுள் அறிவுப் பஞ்சமும் ஒன்று என்பதை உணர்ந்து, 1925-இல் அவர் தாயகம் திரும்பினார். ஆசிரியர் வேலையைப் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

சர்வகலாசாலை நூலகத்தில் வாசகர்களே அலமாரிகளினிடையே சென்று நூல்களைப் புரட்டிப் பார்க்க அவர் வழி செய்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. நூல்கள் பயன்படுவதற்கே உள்ளன என்பதையும், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு ஏற்ற நூல் கிடைக்க வேண்டும் என்பதையும், வாசகரின் காலத்தை வீணாக்கலாகாது என்பதையும் உள்ளடக்கிய ஐந்து விதிகளை வகுத்து, 1931-இல் நூலாக வெளியிட்டார். 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறை உலகெங்கும் நூலக அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது. லண்டன் கடையொன்றில் சிறுவர் விளையாட்டுக் கருவியின் சில துண்டுகளைக் கொண்டு பற்பல உருவங்கள் அமைப்பதைக் கண்டதிலிருந்து அம்முறை அவர் கருத்தில் உதித்தது.

ஜனங்கள் நூலகத்தை நாடி வர இயலாத இடங்களுக்கு நூலகமே போக வேண்டும் என்ற எண்ணமும் இக்காலத்தில் வேரூன்றியது. 1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், எஞ்சினீயர் கனகசபைப் பிள்ளை அமைத்த மாட்டுவண்டி நூலகம் கிராமங்களை நோக்கிப் புறப்பட்டது. நெல் மூட்டை ஏற்றிய வண்டிகள் ஓடிய சாலையில் புஸ்தக வண்டியும் ஓடியது.

ஆயினும் தனி மனிதரின் உற்சாகம் அவருடனேயே மறைந்துவிடக்கூடும். சட்டமே அதற்கு நிலைபேறு தரும். இதை உணர்ந்த ரங்கநாதன், 1930-இல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மகாநாட்டில் மாதிரி நூலகச் சட்டம் ஒன்றைச் சமர்ப்பித்தார். 1933-இல் ஜனாப் பஷீர் அகமது சையீது சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. சுதந்திரம் வந்த மறு ஆண்டில், ஸ்ரீ அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபொழுது, 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. ரூபாய்க்கு அரையணாவாகத் தொடங்கிய வரி பின்னர் பத்துப் பைசாவாக உயர்ந்தது. நகரங்களில் திரளும் அப்பணம் ஜில்லா நூலக ஆணைக்குழுவிடம் சேர வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே நெல்லிக்குப்பத்தார் கொடுக்கும் காசு பக்கத்துக் குக்கிராமத்துச் சிறுவனுக்கும் புஸ்தகமாகிறது.

காசியிலும் டில்லியிலும் பணிபுரிந்த அவர், 1962-இல் பெங்களூரில் நூலகவியல் ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1957-இல் பத்மஸ்ரீ விருதும், 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியும் அவரை வந்தடைந்தன. எளிய வாழ்க்கை நடத்திச் சேமித்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலையில் நூலகவியல் பேராசிரியர் பீடம் அமைக்க அளித்து, அதற்குத் தம் மனைவி சாரதையின் பெயரையும் சேர்த்துச் சூட்டினார். 1972 செப்டம்பர் 27-இல் காலமானார்.

சட்டம் கட்டடத்தையும் பணத்தையும் தரலாம். வாசகனைத் தர அதனால் ஆகாது. ஆலைத் தொழிலாளியும், நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுபவரும், கரும்பு பயிரிடும் குடியானவரும் காவியத்தையும் சரித்திரத்தையும் கையில் எடுக்கும் நாளிலேதான் ரங்கநாதனின் உழைப்பு பூர்த்தியாகும். வரியை வசூலிக்கும் ஸ்தல ஸ்தாபனங்கள் அதனை நிலுவை வைப்பது வாசகனின் கையிலுள்ள நூலைப் பறிப்பதற்கு ஒப்பாகும். வரியைச் செலுத்திவிட்டு நூலகத்தின் வாயிலை மிதியாதிருப்பவரும் தம் சொத்தைத் தாமே இழந்தவராவார். நம் ஊர் நூலகத்துக்கு நாம் செல்வோம். நம் குழந்தைகளையும் அழைத்துச் செல்வோம். அப்பெரியாருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.