சைவம் காத்த நல்லூர் ஆறுமுக நாவலர்

ஆண்டுதோறும் கார்த்திகை மாதத்து மக நட்சத்திரத்தில் சைவ மக்கள் குருபூசை செய்து போற்றும் பெரியார் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் ஆவார். மதமாற்ற முயற்சிகளை அவர் எதிர்கொண்ட முறை இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் இளைய புதல்வராக அவர் பிறந்தார். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவ மிஷன்கள் வேரூன்றியிருந்தன. வெஸ்லியன் மிஷன் 1814லும் அமெரிக்க மிஷன் 1816லும் இலங்கைக்கு வந்து, பள்ளிகளும் அச்சுக்கூடங்களும் நிறுவின. ஆங்கிலக் கல்வி வேண்டுவோர் மிஷன் பள்ளியை நாட வேண்டியிருந்தது. ஆங்கிலம் கற்றவருக்கே அரசாங்க உத்தியோகம் வாய்த்தது.

மிஷன் பள்ளியில்

ஆறுமுகனாரும் வெஸ்லியன் மிஷன் பள்ளியிலேயே ஆங்கிலம் கற்றார். ஏறக்குறைய இருபது வயதில் அங்கேயே ஆசிரியருமானார். பள்ளித் தலைவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியார், அவருடைய தமிழ்ப் புலமையைக் கண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் துணை கொண்டார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. இவ்வாறு பல ஆண்டுகள் விவிலியத்துடன் பழகியும் அவர் திருநீற்று நெறியினின்று வழுவவில்லை. பாதிரியாரும் அவரை மதித்தே நடத்தினார். இருவர் உறவும், மதம் வேறுபட்டோர் ஒருவரையொருவர் மதித்து வாழ இயலும் என்பதற்குச் சான்றாயிற்று.

ஆனால் பள்ளிக்கு வெளியே அவர் கண்ட காட்சி வேறு. சைவ வழிபாடு பிரசங்கங்களிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இழித்துரைக்கப்பட்டது. கல்வி, உணவு, உத்தியோகம் ஆகியவற்றை நாடி ஞானஸ்நானம் பெற்றோர் பலர். ஒருவர் ஆராய்ந்து தெளிந்து ஒரு சமயத்தைத் தழுவுவது வேறு. வறுமையையும் தேவையையும் பயன்படுத்தி அவரை இழுப்பது வேறு. பின்னதையே நாவலர் அறமன்று எனக் கண்டித்தார். தேவையால் மதம் மாறியவன் எச்சமயத்துக்கும் உண்மையாளன் ஆகான் என்பதே அக்கண்டனத்தின் சாரம்.

பிரசங்கமும் பள்ளியும் அச்சும்

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அது வாரந்தோறும் தொடர்ந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிஷன் உத்தியோகத்தைத் துறந்தார். பாதிரியார் சம்பளத்தை உயர்த்தித் தர முன்வந்தும் அவர் இசையவில்லை. இல்லந்தோறும் பிடியரிசி திரட்டிப் பள்ளியை நடத்தினார். இல்லறத்தையும் மேற்கொண்டாரில்லை.

1849இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனம் அவரது சொல்வன்மையை வியந்து நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. பெரியபுராண வசனம், பாலபாடங்கள், சைவ வினாவிடை முதலியன அவரால் எழுதப்பெற்று வெளிவந்தன. பிரசங்கம், பள்ளி, அச்சு, வினாவிடை ஆகிய நான்கும் மிஷனரிமார் கையாண்ட கருவிகளே. அவற்றையே அவர் சைவத்திற்கு உரியனவாக்கினார்.

1854இல் வெளியான சைவதூஷண பரிகாரம் அவருடைய வாதத் திறனுக்குச் சான்றாகும். ஆலயம், தூபம், தீபம், நிவேதனம் ஆகியவற்றைப் பழித்தவர்களுக்கு, விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலேயே ஆலயமும் தூபமும் பலியும் விதிக்கப்பட்டிருத்தலை அவர் எடுத்துக்காட்டினார். தம் வேதத்தில் புனிதமானது பிறர் கோயிலில் மட்டும் இழிவாவது எவ்வாறு என்பதே அந்நூலின் வினா. விவிலியத்தை நன்கு கற்றிருந்தமையாலேயே அவ்வினாவை எழுப்ப அவரால் இயன்றது.

தம் வீட்டையும் துலக்கியவர்

பிறரைக் கண்டித்ததோடு அவர் அமையவில்லை. கோயில்களில் நிகழ்ந்த உயிர்ப்பலியையும், திருவிழாக்களில் நிகழ்ந்த சதிர்க் கச்சேரிகளையும், ஆகம விதி வழுவிய பூசைகளையும் வன்மையாகக் கடிந்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிருவாகத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. தம் சமயத்தை மக்களுக்குக் கற்பிக்கத் தவறிய சைவரே மதமாற்றத்திற்கு வழி திறந்தவர் என்பது அவர் கருத்து.

எனினும் சாதி வேறுபாட்டை அவர் கைவிட்டாரல்லர். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சைவப் பள்ளியும் கோயிலும் கதவடைத்திருந்த காலத்தில், மிஷன் பள்ளிகள் அவர்களுக்கு இடமளித்தன. அம்மக்கள் மதம் மாறியதைப் பணத்தாசை என்று மட்டும் கூறுதல் நீதியாகாது. நாவலர் காணத் தவறிய இக்குறையைக் களைவது பின்வந்தோர் கடனாயிற்று.

1876ஆம் ஆண்டை அடுத்து யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் வாந்திபேதியும் வாட்டியபோது, வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசித்தோர்க்கு அன்னமளித்தார். 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் சிவபதம் அடைந்தார்.

கடல் கடந்த நெறி

உத்தியோக நிமித்தம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த யாழ்ப்பாணத்தார் நாவலர் வகுத்த சைவநெறியையும் உடன் கொணர்ந்தனர். கோலாலம்பூர் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலும், சிங்கப்பூர் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலும் அவர்கள் போற்றி வளர்த்த ஆலயங்களாகும்.

திருவிழாக் காலத்தில் தேரும் காவடியும் கண்களை நிறைக்கின்றன. அவற்றின் பொருளை ஒரு சிறுவன் வினவும்போது விடை கூற இல்லத்தில் ஒருவர் இருத்தல் வேண்டும். துன்புற்ற ஏழைக்குக் கைகொடுக்க ஆலயம் முன்வருதல் வேண்டும். இவ்விரண்டும் உள்ள இடத்தில் ஆசைகாட்டி மதம் மாற்றுவோர்க்கு வேலையில்லை. பிற சமயத்தாரைப் பகைக்கவும் தேவையில்லை.