நெல்லுக்காக வந்து கல்விக்காக நின்றவர்

இன்று ஊருக்கு ஊர் நலன்புரிச் சங்கங்கள் இருக்கின்றன. தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற பட்டியலும் இருக்கிறது. ஆனால், ஒரு சங்கத்தை நிலைக்கும்படி நடத்துவது எப்படி என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்களின் வாழ்க்கையைத்தான் சொல்வதுண்டு.

1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் கற்று, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் என்ற பெயரைப் பெற்றார்.

1942இல் யுத்தம் நம் வாசலுக்கு வந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. உணவு உற்பத்தியைப் பெருக்கவென்று கல்முனையில் அவசரகால உதவி அரசாங்க அதிபர் காரியாலயம் திறக்கப்பட்டு, அதற்கு அஸீஸ் அனுப்பப்பட்டார். வந்த வேலை நெல். விளைச்சலோடு அவர் பார்வை நிற்கவில்லை. வயல் இருந்தும் பிள்ளைகளின் படிப்பு பின்தங்கிக் கிடந்ததைக் கண்டார். சுவாமி விபுலானந்தரோடு நெருங்கிப் பழகியதும் இக்காலத்தில்தான். அதே ஆண்டிலேயே ஊரவர்களைச் சேர்த்துக்கொண்டு கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஆரம்பித்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரச அதிகாரிக்கு இடமாற்றம் நிச்சயம். அவர் போனால் வேலையும் போய்விடும் என்பது நம் பாடசாலைகளில் நாம் வருடாவருடம் காண்பதுதான். அஸீஸ் அவர்களோ கல்முனையில் கற்றதை நாடு முழுவதற்குமாக விரித்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாயிற்று. வசதியற்ற கெட்டிக்காரப் பிள்ளைகள் உயர்கல்வி பெறப் பொது நிதி ஒன்று வேண்டும், தனவந்தர் ஒருவரின் தயவில் அது தங்கியிருக்கக் கூடாது என்பதே அதன் அடிப்படை.

1948இல் எடுத்த முடிவுதான் பலருக்கும் விளங்காதது. சிவில் சேவையை விட்டுவிட்டு, ரீ.பீ. ஜாயா அவர்களுக்குப் பின் கொழும்பு ஸாஹிறாவின் அதிபரானார். அந்நாளில் அந்த உத்தியோகத்தை யார் விடுவார்? 1961 வரை அங்கிருந்தார். பேராசிரியர் கா. சிவத்தம்பி போன்ற முஸ்லிமல்லாத மாணவர்களும் அக்கல்லூரியில் உருவானார்கள்.

ஆங்காங்கே தனித்தனியாக இயங்கிய முஸ்லிம் வாலிபர் சங்கங்களை 1950இல் அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவையாக ஒன்றிணைத்தார். ஊர்க் கிளைகள் ஊராரிடமே இருந்தன. செனட் சபை உறுப்பினராகவும் இருந்தார். அதை இங்கு விரிக்கவில்லை.

1973 நவம்பரில் அவர் வபாத்தானார். அவர் இணைத்த பேரவை இன்றும் இயங்குகிறது.