கோடு தேடிய மேதை காஸ்

எங்கள் அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். டீசல் போடும்போதெல்லாம் எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர், வண்டியில் எத்தனை பேர் என்று ஒரு சிறிய நோட்டில் குறித்து வைப்பார். சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தை வேளாங்கண்ணிக்கு அழைத்துச் செல்ல முன்கூட்டியே ஒரு தொகை பேசிவிட்டார். ஆளும் சாமானும் கூடிப்போய், கைக்காசைப் போட்டுத் திரும்பி வந்தார். பாரம் கூடினால் மைலேஜ் எவ்வளவு குறையும் என்று முன்னதாகவே சொல்ல வழி உண்டா என்று எங்கள் கணக்கு சிஸ்டரிடம் கேட்டேன். அவர்கள் சிரித்துவிட்டு, வானத்தில் தொலைந்துபோன ஒரு கோளின் கதையைச் சொன்னார்கள். அந்தக் கதையின் நாயகரே கார்ல் பிரீட்ரிக் காஸ்.

ஜெர்மனி நாட்டின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1777 ஏப்ரல் 30 அன்று ஓர் எளிய வீட்டில் காஸ் பிறந்தார். தந்தை கொத்து வேலையும் தோட்ட வேலையும் செய்தவர். தாய் டொரொத்தேயாவுக்கு எழுதத் தெரியாது. ஆகவே மகன் பிறந்த தேதியை அவர் குறித்து வைக்கவில்லை. ஆண்டவரின் விண்ணேற்றத் திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால், ஒரு புதன்கிழமை என்பது மட்டுமே அவர் நினைவில் இருந்தது. விண்ணேற்றத் திருவிழா உயிர்ப்புப் பெருவிழாவைப் பொறுத்தது. உயிர்ப்புப் பெருவிழாவோ ஆண்டுதோறும் மாறி வருவது. எந்த ஆண்டுக்கும் அந்நாளைக் கணக்கிடும் முறையொன்றைக் காஸ் 1800ஆம் ஆண்டில் வெளியிட்டார். தாயின் நினைவைத் தேதியாக மாற்றிக்கொள்ளவே மகன் இதில் இறங்கினார் என்று எண்ண எனக்கு ஆசை.

ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களைச் சிறுவன் காஸ் நொடியில் கூட்டி 5050 என்று சொன்ன கதை தோழியர் அனைவரும் அறிந்ததே. அவருடைய திறமையைக் கேள்வியுற்ற பிரவுன்ஷ்வைக் கோமகன் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார். இல்லையேல் அவரும் தந்தையைப் போலக் கரண்டி பிடித்திருப்பார்.

இனி அந்தக் கோளுக்கு வருவோம். 1801 ஜனவரி முதல் நாள், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், ஜுசெப்பே பியாட்சி என்னும் குருவானவர் தொலைநோக்கியில் ஒரு புதிய ஒளிப்புள்ளியைக் கண்டார். அது விண்மீன்களுக்கு நடுவே நாள்தோறும் சற்றே நகர்ந்தது. பிப்ரவரி 11 வரை அதைப் பின்தொடர்ந்தார். அதற்குள் அவர் நோயுற்றார். புள்ளியும் சூரிய ஒளியில் மறைந்தது. சீரெஸ் என்று பெயர் பெற்ற அதை மீண்டும் எங்கே தேடுவது? கிடைத்திருந்தவை 41 நாட்களுக்குள் எடுத்த சில குறிப்புகள் மட்டுமே. பெரிய வானியலாரும் கைவிரித்தனர். இருபத்து நான்கு வயதுக் காஸ் மூன்று குறிப்புகளைக் கொண்டு பாதையைக் கணித்தார். மற்றவற்றோடு ஒத்துப்பார்த்துத் திருத்தினார். அவர் சொன்ன இடத்திற்கு அருகிலேயே அவ்வாண்டின் கடைசி நாளில் சீரெஸ் அகப்பட்டது. ஐரோப்பா முழுவதும் அவர் பெயர் பரவியது. (2006 முதல் சீரெஸைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியுள்ளனர்.)

அளவுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாதபோது எதை நம்புவது? இதற்குக் காஸ் கையாண்ட வழியே மீச்சிறு வர்க்க முறை. மூன்று நாள் ஓட்டத்தில் ஒரு கார் லிட்டருக்கு 15, 16, 20 கிலோமீட்டர் ஓடியதாக வைத்துக்கொள்வோம். 16 என்பதை விடையாகக் கொண்டால் பிழைகள் 1, 0, 4. அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 17. சராசரியான 17ஐ விடையாகக் கொண்டால் பிழைகள் 2, 1, 3, கூடுதல் 14. வேறு எந்த எண்ணை எடுத்தாலும் 14க்குக் கீழே வராது. ஒற்றை எண்ணுக்குப் பதிலாக ஒரு நேர்கோட்டையே இவ்வாறு தேர்ந்தெடுக்கலாம். 1974ஆம் ஆண்டு ஓர் அமெரிக்கக் கார் இதழில் வந்த 32 கார்களின் விவரங்களைச் சிஸ்டர் எனக்குக் காட்டினார்கள். அவற்றினூடே இம்முறையில் கோடு வரைந்தால், எடையில் ஆயிரம் பவுண்டு கூடும்போது காலனுக்கு ஐந்து மைலுக்குச் சற்று மேல் குறைகிறது! இதற்கு ரெக்ரஷன் என்ற பெயர் வந்தது காஸ் மறைந்த பிறகுதான். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்ட பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயரிடமிருந்து அது வந்தது.

இம்முறையை முதலில் அச்சில் வெளியிட்டவர் காஸ் அல்லர். பிரெஞ்சு அறிஞர் லெஜாந்தர் 1805இல் அதை வெளியிட்டார். நான்கு ஆண்டு கழித்துத் தம் நூலில், 1795 முதலே இது தமக்குத் தெரியும் என்று காஸ் எழுதினார். லெஜாந்தர் மிகவும் மனம் நொந்தார். காஸ் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். நன்கு பழுக்காத எதையும் வெளியிடாதது அவர் வழக்கம். ஆயினும் பத்தாண்டுகள் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, மற்றவர் சொன்ன பிறகு என்னுடையது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அவரைப் பற்றி எனக்கு மிகப் பிடித்த செய்தி வேறு. பாரிஸிலிருந்து லெபிளான் என்பவர் 1804 முதல் அவருக்குக் கணிதக் கடிதங்கள் எழுதி வந்தார். 1806இல் பிரெஞ்சுப் படை பிரவுன்ஷ்வைக்கைக் கைப்பற்றியபோது, ஒரு படை அதிகாரி காஸின் வீட்டுக்கு வந்து நலம் விசாரித்தார். சோஃபி ஜெர்மெய்ன் என்ற பெண்ணின் வேண்டுகோளின்பேரில் வந்ததாகச் சொன்னார். அப்படி ஒருவரைத் தமக்குத் தெரியாதே என்று காஸ் திகைத்தார். பெண் என்றால் மதிக்கமாட்டார்களோ என்று அஞ்சி ஆண் பெயரில் எழுதி வந்த லெபிளான்தான் அந்த சோஃபி! 1807இல் உண்மை தெரிந்ததும், தடைகளை மீறிக் கற்ற அவருடைய துணிவைக் காஸ் மனமாரப் பாராட்டி எழுதினார்.

அவ்வாண்டே கோட்டிங்கன் வானாய்வகத்தின் தலைவரானார். 1809இல் மனைவி யோகன்னாவை இழந்தார்; இரண்டாம் மனைவியும் 1831இல் மறைந்தார். பார்வை இழந்த முதிய தாயைத் தம்முடன் வைத்து, 1839இல் அவர் இறக்கும்வரை பேணினார். 1855 பிப்ரவரி 23 அன்று காஸ் காலமானார்.

அப்பாவின் நோட்டிலிருந்து 23 குறிப்புகளை எடுத்து வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். சிஸ்டரின் உதவியுடன் கோடும் வரைந்தேன். ஓர் ஆள் கூடினால் லிட்டருக்குக் கால் கிலோமீட்டர் குறைவதாக வந்தது. இந்தச் செப்டம்பரில் ஏழு பேருடன் வேளாங்கண்ணிக்குச் செல்ல அப்பா பேசிய தொகை அந்தக் கோட்டை வைத்துப் போட்டதே. கோடு சொன்னது 16.2, கிடைத்தது 15.8. அப்பாவுக்கு இம்முறை கைக்காசு போகவில்லை. அந்தப் புள்ளியையும் தாளில் சேர்த்துவிட்டேன். கோடு சற்றே கீழிறங்கியது.