தாய்மாரின் உயிர் காத்த செம்மெல்வைஸ்

பிள்ளை பெற்று எழுந்த தாயை மறுபிறவி எடுத்தவள் என்று கூறுவது நம் நாட்டு வழக்கு. அவ்வழக்கு எத்துணை உண்மை என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பிரசவ வைத்தியசாலைகளின் சரித்திரம் நன்கு காட்டும். பிரசவம் சுகமாய் முடிந்த பின்னும், இரண்டொரு நாளில் கடுஞ்ஜுரமும் வயிற்று நோவும் கண்டு மாண்ட தாய்மார் எண்ணிறந்தவர். சூதிகா ஜுரம் எனப்படும் அந்நோயைத் தடுக்கும் வழியைக் கண்டு, அதனைக் கணக்கினால் மெய்ப்பித்தவர் இக்னாஸ் செம்மெல்வைஸ்.

இவர் 1818-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் தேதி, ஹங்கேரி தேசத்துப் பூடா நகரில் ஒரு மளிகை வியாபாரியின் மகனாய்ப் பிறந்தார். சட்டம் பயில வியன்னா நகருக்குச் சென்றவர், வைத்திய சாஸ்திரத்தில் மனம் பற்றி அதனைக் கற்று, 1844-இல் பட்டம் பெற்றார். 1846-இல் வியன்னா பொது வைத்தியசாலையின் முதற் பிரசவப் பகுதியில், கிளைன் என்னும் பேராசிரியரின் கீழ் உதவி வைத்தியராய் அமர்ந்தார்.

அங்கே பிரசவப் பகுதிகள் இரண்டு இருந்தன. முதற்பகுதியில் வைத்திய மாணாக்கரும், இரண்டாம் பகுதியில் மருத்துவச்சிகளும் பயின்றனர். 1846-இல் முதற்பகுதியில் பிரசவித்த 4010 பேரில் 459 பேர் மாண்டனர். இரண்டாம் பகுதியில் 3754 பேரில் மாண்டவர் 105 பேரே. இதனைக் கேள்வியுற்றிருந்த ஏழைப் பெண்கள், தம்மை முதற்பகுதியில் சேர்க்க வேண்டாமென்று மண்டியிட்டு மன்றாடினர்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? காற்றின் கேடே காரணம் என்றனர் சிலர். ஒரே நகரத்துக் காற்று ஒரு கட்டடத்திற்கு விஷமாகவும் அடுத்ததற்கு அமிர்தமாகவும் ஆகுமோ என்று செம்மெல்வைஸ் ஐயுற்றார். ஜன நெருக்கமோ எனின், நெருக்கம் மிகுந்தது இரண்டாம் பகுதியே. இறப்போருக்காக வரும் குருவின் மணியோசை தரும் அச்சமே காரணமோ என்றெண்ணி, அவர் மணியடியாது வேறு வழியே வருமாறு செய்தார், சாவு குறையவில்லை. வைத்தியசாலையை அடையுமுன் தெருவிலே பிரசவித்த பெண்களை அந்நோய் அரிதாகவே பற்றியதும் அவரைச் சிந்திக்கச் செய்தது.

1847 மார்ச்சு மாதத்தில் அவருடைய நண்பரான கொல்லெட்ஷ்கா என்னும் பேராசிரியர் காலமானார். பிரேத பரிசோதனையின்போது ஒரு மாணாக்கனின் கத்தி அவர் விரலிற்பட்டு, அக்காயமே அவருயிரைக் கொண்டது. அவருடலிற் கண்ட குறிகள், சூதிகா ஜுரத்தால் மாண்ட பெண்களின் உடலிற் காணும் குறிகளையே ஒத்திருந்தன. செம்மெல்வைஸுக்கு உண்மை புலனாயிற்று. பிரேதத்தை அறுத்த கையுடன் வைத்தியரும் மாணாக்கரும் கருப்பிணிகளைப் பரிசோதித்தனர். மருத்துவச்சிகளோ பிரேதத்தைத் தொடுவதில்லை. நோயைத் தாங்கிச் சென்றது வைத்தியரின் கையே. அக்கைகளுள் தம்முடையதும் ஒன்று என்பதை எண்ணி அவர் பெரிதும் வருந்தினார்.

அவ்வாண்டு மே மாதத்தில், குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவாமல் எவரும் பிரசவ அறைக்குள் புகலாகாதென்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் 18 பேருக்கு மேல் இறந்த அப்பகுதியில், ஜூனில் இறந்தவர் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. அக்டோபரில் புற்றுநோய் கொண்ட ஒருத்தியைப் பரிசோதித்த பின் பரிசோதிக்கப்பட்ட 12 பேரில் 11 பேர் மாளவே, உயிருள்ளோரின் அழுகிய புண்ணும் அந்நஞ்சை உடையதென்றறிந்து, ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் கை கழுவச் செய்தார். 1848-இல் 3556 பேரில் இறந்தவர் 45 பேரே. அவ்வாண்டின் இரண்டு மாதங்களில் ஒருவரும் இறக்கவில்லை.

இத்தகைய வெற்றியை உலகம் உடனே ஏற்றிருக்க வேண்டும். ஹெப்ரா, ஸ்கோடா, ரொக்கிட்டான்ஸ்கி ஆகிய பேரறிஞர் துணை நின்றும், தம் கையே தாய்மாரைக் கொன்றதென ஒப்புக்கொள்ளப் பெரும்பாலோர் மனம் இசையவில்லை. 1849-இல் அவருக்கு வேலை நீடிக்கப்படவில்லை. செம்மெல்வைஸிடத்தும் குறையுண்டு. தம் ஆராய்ச்சியை நூலாய் எழுதாமல் 1861 வரை காலந்தாழ்த்தினார். எழுதியபின், மறுத்தவர்களைக் கொலைஞரென்றே கடிந்து பகையைப் பெருக்கினார். இதற்கிடையே பெஸ்ட் நகரத்து ரோக்குஸ் வைத்தியசாலையில், ஆறாண்டுகளில் 933 பிரசவங்களுக்கு 8 மரணமே நிகழ்ந்ததாய்க் காட்டியும் பலர் செவி சாய்க்கவில்லை.

1865-இல் அவர் அறிவு கலங்கியது. வியன்னாவில் ஒரு மனநோய் விடுதியில் விடப்பட்டு, இரு வாரங்களுள், ஆகஸ்டு 13-ஆம் தேதி, 47-ஆம் வயதில் இறந்தார். காயம் ஒன்று சீழ்கொண்டு இரத்தம் நஞ்சானதே அவர் முடிவிற்குக் காரணம். எந்நோயினின்று தாய்மாரைக் காத்தாரோ, அதன் இனத்ததே அவரையும் கொண்டது.

1867-இல் லிஸ்டர் இரண சிகிச்சையில் நஞ்சு நீக்கும் முறையை வெளியிட்டார். 1879-இல் பாஸ்டர் அந்நோயாளிகளிடம் சங்கிலி போன்ற கிருமிகளைக் கண்டு காட்டினார். அதன்பின் செம்மெல்வைஸின் கொள்கை நிலைபெற்றது. 1969 முதல் புடாபெஸ்ட் வைத்தியப் பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மாணவ நண்பர்களே, வியன்னாவில் மரணக் கணக்கு ஏடுகள் யாவரும் காண இருந்தன. அவற்றைப் படித்து, குற்றம் தம் கையிலும் இருக்கக்கூடுமென்று ஆராயத் துணிந்தவர் ஒருவரே. அவ்வாராய்ச்சியை ஏற்க மறுத்த ஒவ்வோராண்டும் தாய்மார் பலர் மாண்டனர். நாம் கற்கும் கல்வி, நம் பிழையை நாமே காணும் நேர்மையை நமக்கு அளிப்பதாக.