தரையில் நின்று உயரம் கண்டவர்

ஒரு கட்டடத்தின் மேல் ஏறாமலே அதன் உயரத்தைச் சொல்ல முடியுமா? முடியும் என்கிறது திரிகோணமிதி. அந்தக் கணிதத்தைத் துணையாகக் கொண்டு பாரத நாட்டையே அளக்கப் புறப்பட்ட பெருமகனார் வில்லியம் லாம்டன்.

1753ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். இராணுவத்தில் சேர்ந்து, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் கலந்துகொண்டார். 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடிச் சங்கிலியை ஏறக்குறைய 400 முறை வைத்து அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. அதன்பின் கோணங்களே தூரத்தைச் சொல்லின.

முறை எளியதுதான். கோபுரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்க்கிறோம். ஏற்றக் கோணம் 45 பாகையானால், 30 மீட்டருடன் நம் கண் உயரத்தைக் கூட்டினால் கோபுர உயரம் வந்துவிடும். ஆனால் நம் கல்வராயன் மலையின் உச்சிக்கு நேர் கீழே நாடா பிடித்துச் செல்ல இயலுமா? அதற்கும் வழி உண்டு. கள்ளக்குறிச்சிச் சமவெளியில் மலையை நோக்கிய ஒரே நேர்க்கோட்டில் 1000 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் நிற்போம். கோணங்கள் 10, 8 பாகை எனக் கொண்டால், நம் கண் மட்டத்திற்கு மேல் உச்சியின் உயரம் ஏறத்தாழ 690 மீட்டர்.

1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் வளைந்தது. வேறொருவராயின் பணியையே கைவிட்டிருப்பார். லாம்டனோ கூடாரத்தில் ஆறு வாரங்கள் அமர்ந்து தம் கையாலேயே அதைச் சீர்செய்தார். 1823 ஜனவரியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், அளவைப் பணியிலேயே உயிர் நீத்தார். அவர் தொடங்கிய பணியே பின்னாளில் எவரெஸ்டின் உயரத்தைக் கணிக்க வழிவகுத்தது.

அவருடன் சங்கிலி இழுத்தவர்கள், கொடி பிடித்து நின்றவர்கள் பெயரை வரலாறு பெரிதும் குறிக்கவில்லை. என் தாத்தாவும் நில அளவையர் வரும்போதெல்லாம் சங்கிலி பிடிக்கப் போனவர்தான். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு அந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்று யாரும் கூறவில்லை. எங்கள் குடும்பத்தில் அதை முதலில் கற்றவன் நான்.

நண்பர்களே! திரிகோணமிதியைத் தேர்வோடு மறந்துவிடாதீர்கள். ஒரு கோணமானியும் நூல்குண்டும் போதும். நம் கல்லூரிக் கட்டடத்திலிருந்தே தொடங்குவோம்!